கண்ணாடியைத் திறந்து வைப்பீங்களா?

“இந்தக் குளிர்ல இதுங்க தாங்குமா?” வீட்டுக்கு வருகிறவர்கள் கூண்டைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பில்லை. நாங்கள் இருப்பது கேத்தி பாலாடா பக்கம், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு. டிசம்பர் கடைசியில் ஆரம்பித்துப் பொங்கல் தாண்டும் வரை பல நாள் காலையில் கேரட் தோட்டத்தின் மேல் உப்புத் தூவியது போல உறைபனி கிடக்கும், வாசலில் வைத்த வாளித் தண்ணீர் மேலே ஏடு கட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட கையளவு லவ்பேர்ட் கிளிகள் இரண்டு, ஆறு வருடமாக எங்களோடு இருக்கின்றன. ஒன்று இஞ்சி, இன்னொன்று மஞ்சு.

தாங்கும் என்றுதான் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் குளிரால் ஒரு பறவையும் சாகவில்லை. குளிருக்குப் பயந்து நாங்கள் கதவையும் சன்னலையும் அடைத்தோமே, அதில்தான் செத்தன. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் மலையில் பறவை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதே பயம் இருக்கிறது, இதே தவறு நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

அதற்கு முன்னால் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது பட்ஜி. அது ஆஸ்திரேலியாவின் பறவை, நீள வால், தலையிலும் முதுகிலும் வரிவரியாகக் கறுப்பு. உண்மையான லவ்பேர்ட் குட்டை வாலும் பெரிய அலகுமாக உருண்டையாக இருக்கும். கடைக்காரர்கள் அதை ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்பார்கள். மொத்தம் 9 வகை, எட்டு ஆப்பிரிக்க நிலப்பரப்பில், ஒன்று மடகாஸ்கரில். நாம் அதிகம் பார்ப்பது முகம் மட்டும் ரோஜா நிறத்தில் இருக்கும் வகை. அதன் சொந்த இடம் நமீபியாவின் வறண்ட நிலம், அங்கேயும் இரவில் நன்றாகவே குளிரும். அதனால் உலர்ந்த குளிர் அதற்குப் புதிதில்லை. ஈரமும், ஒரே நாளில் ஏறி இறங்கும் சூடும்தான் அதைப் படுத்தும்.

எங்களிடம் முதலில் இருந்தவை பட்ஜிகள்தான், ஒரு பச்சை, ஒரு மஞ்சள். கல்யாணமாகி நான் மலைக்கு வந்த முதல் வருடம் என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். அந்த ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. ஹீட்டர் இல்லை. சமையலறையில் கரிச்சட்டியைப் பற்றவைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம், ‘பாவம், அதுங்களுக்கும் குளிருமே’ என்று கூண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். காற்று வரக்கூடாது என்று சன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்தது நான்தான். தணல் அடங்கிவிட்டது என்று நினைத்துப் படுக்கப் போனோம். காலையில் எனக்குத் தலை பிளந்தது. கூண்டுக்கு அடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, ஒரு இறகு கலையவில்லை.

குளிரில் விறைத்துவிட்டன என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போலச் சுருங்கி விரிவதில்லை. உடம்புக்குள் பல காற்றுப் பைகள் இருக்கின்றன, காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதற்காக இருக்கும் ஏற்பாடு, விஷக் காற்றையும் அதே வேகத்தில் உள்ளே இழுத்துவிடும். இதனால்தான் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிப் பறவையைக் கொண்டுபோனார்கள்; அது மயங்கினால் ஆட்கள் வெளியே ஓடிவருவார்கள். 1986இல்தான் அந்த வழக்கத்தை நிறுத்தி மின்கருவிக்கு மாறினார்கள். எங்கள் பட்ஜிகள் செத்த அந்த ராத்திரி நாங்களும் அடுத்த அறையில்தான் படுத்திருந்தோம். அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கிப்போனவர்கள் விடிந்து எழாத செய்தி மலைப் பகுதிகளில் புதிதில்லை. தயவுசெய்து, பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூடிய அறைக்குள் கரி வேண்டாம்.

அதே காரணத்துக்காக வேறு சில புகைகளையும் வீட்டை விட்டு விலக்கினேன். நான்ஸ்டிக் தோசைக்கல்லைக் காலியாக அடுப்பில் மறந்துவிட்டால், அதன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகி வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். எங்கள் வீட்டில் இப்போது இரும்புக் கல்தான். சில ஹீட்டர்களிலும் அதே பூச்சு இருக்கும், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் கூண்டு இருக்கும் அறையில் கிடையாது. பிறகு தைலம். நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே உண்டா? எங்கள் அத்தை தினமும் ராத்திரி வெந்நீரில் நாலு சொட்டு விட்டு ஆவி பிடிப்பார். முதலில் கூண்டை வேறு அறைக்கு மாற்றினேன். விஷயத்தைச் சொன்னதும் அத்தையே, “அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் மாடி ரூமுக்குப் போய்க்கறேன்” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து இன்று வரை அப்படித்தான்.

இரண்டு வருடம் கழித்துத்தான் இஞ்சியும் மஞ்சுவும் வந்தன. இஞ்சி பச்சை உடம்பு, சிவந்த முகம். மஞ்சு மலையில் மேகம் இறங்கினால் தெரியும் நிறம், வெளிறிய நீலம். கீழே ஒரு கடையில் ‘நல்ல ஜோடி, வருஷத்துக்கு ரெண்டு ஈடு குஞ்சு பொரிக்கும்’ என்று உறுதி சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வகையில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், டி.என்.ஏ. பரிசோதனை செய்தால்தான் நிச்சயமாகத் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஊட்டிவிடும், தலை கோதிவிடும், ஒட்டிக்கொண்டு தூங்கும், அதைப் பார்த்து நாங்களும் ஜோடி என்றே நம்பினோம். ஆறு மாதத்தில், முட்டையிடக் கூண்டில் வைத்திருந்த ஒரே பானைக்குள் 11 முட்டை. ஒரு பெட்டை வழக்கமாக இடுவது 4 முதல் 6. அப்போதுதான் புரிந்தது, இரண்டும் பெட்டை.

நான் செய்த அடுத்த தவறு அந்த முட்டைகளை எடுத்துவிட்டது. பொரியாத முட்டை எதற்கு என்று எடுத்தேன். எடுத்தால் குறைந்துபோனதை ஈடுகட்டப் பறவை மறுபடி முட்டை இடும். அப்படியே விட்டிருந்தால் மூன்று நான்கு வாரம் அடைகாத்துப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து போயிருக்கும். ஒவ்வொரு முட்டைக்கும் ஓடு செய்ய உடம்பிலிருந்து கால்சியம் போகிறது, நானோ முட்டையை எடுத்து எடுத்து மஞ்சுவின் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதம். தென்மேற்கு மழை பிடித்தால் இங்கே வாரக்கணக்கில் சூரியன் தெரியாது. ஒரு நாள் விடிகாலை கூண்டுத் துணியை எடுத்தால் மஞ்சு அடித்தட்டில் நிற்கிறது. இறகெல்லாம் உப்பி, கால்களை அகட்டி, கண் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குகிறது. இஞ்சி மேலே இருந்து இறங்கி வந்து அதன் கழுத்தைக் கோதிவிட்டு மேலே போகும், மறுபடி இறங்கி வரும். கோவையில் பறவை பார்க்கும் மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்தேன். “முட்டை சிக்கியிருக்கும்மா. வயித்தை அமுக்கிடாதீங்க, உள்ளே உடைஞ்சா போச்சு. மொதல்ல சூடு குடுங்க, சூட்டோடயே கொண்டு வாங்க” என்றார்.

ஷூ பெட்டிக்குள் துண்டு விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வைத்தேன். சூடு அதிகமானால் மறு ஓரத்துக்கு அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர், 30 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குன்னூர் தாண்டும் வரை கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாத மூடுபனி, 14 கொண்டை ஊசி வளைவிலும் பெட்டியை மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டே போனேன். பர்லியாறு தாண்டியதும் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது, என் கணவர் ஹீட்டரை நிறுத்திவிட்டுச் சன்னலை இறக்கினார். அங்கேதான் பெட்டிக்குள்ளிருந்து முதல் முறையாக ஒரு சத்தம், ‘கிக்’ என்று ஒன்றே ஒன்று.

மருத்துவர் கால்சியம் ஊசி போட்டு, ஈரச் சூடான பெட்டியில் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து முட்டை வந்தது. விரலால் தொட்டால் அமுங்குகிற முட்டை, ஓடே சரியாகக் கட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கேள்விகளை ஆரம்பித்தார்.

“கடல் நுரை வச்சிருக்கீங்களா?” கால்சியத்துக்காகப் பறவைகள் கொறிக்கும் கணவாய் ஓட்டைத்தான் கேட்டார்.

“எப்பவும் கூண்டுல இருக்கும் சார்.”

“வெயில்?”

“கண்ணாடி வராந்தாவுலதான் சார் கூண்டே இருக்கு. காலையிலேர்ந்து வெளிச்சம்தான்.”

“கண்ணாடியைத் திறந்து வைப்பீங்களா?”

இல்லை. கரிச்சட்டி ராத்திரிக்குப் பிறகு கூண்டைச் சமையலறையிலிருந்து தள்ளி வராந்தாவில் வைத்தேனே தவிர, குளிர் காற்றுக்குப் பயந்து அந்தக் கண்ணாடிச் சன்னல்களை நான் திறந்ததே இல்லை. கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும், அது தோலில் உருவாக வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வேண்டும். சாதாரணச் சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், அந்தக் கதிரை மட்டும் பெரும்பாலும் தடுத்துவிடும். மஞ்சு நாலு வருடம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது, ஆனால் வெயிலே அதன் மேல் படவில்லை.

இப்போது வெயில் அடிக்கிற எந்த நாளும் கூண்டு முற்றத்துக்குப் போகிறது, காலை பத்து மணி வாக்கில் 20 நிமிடம், அரை மணி. கூண்டின் பாதியில் துணி போட்டு நிழல் வைப்பேன், சூடு தாங்காவிட்டால் ஒதுங்க வேண்டும். நான் பக்கத்திலேயே முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வல்லூறு ஒன்று தோட்டத்து சில்வர் ஓக்கில் வந்து உட்காரும், பூனைகளும் உண்டு, தனியாக விட்டுவிட்டு ஒரு நிமிடம் கூட உள்ளே போக மாட்டேன். மழை மாதங்களில் வெயிலே இல்லாதபோது மருத்துவர் சொன்ன அளவில் டி3 கலந்த கால்சியம் மருந்து. அதையும் அவராகச் சொன்னால்தான், கூடிப்போனால் அதுவே கெடுதல். வராந்தாவின் மேல் சன்னல் பகலில் ஒரு சாண் திறந்தே இருக்கும், ஜனவரியிலும். கூண்டு நேர்க் காற்றுப் படாத மூலையில் இருக்கிறது. ராத்திரி தடிமனான பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடுவேன், நாலாவது பக்கம் திறந்திருக்கும். உறைபனி நாட்களில் கூண்டுக்கு வெளியே ஒரு பக்கமாக வெளிச்சம் தராத செராமிக் சூட்டு பல்பு. அவ்வளவுதான் குளிருக்கு.

பானையை எடுத்துவிட்டேன். பானை, இருட்டு மூலை, நீண்ட நேர வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் இவற்றுக்கு முட்டை இடும் நினைப்பு வந்துவிடும். இப்போது சாயங்காலம் ஆறரைக்குத் துணி, காலை ஆறரைக்கு எடுப்பு, 12 மணி நேரம் தூக்கம்.

சாப்பாட்டில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதியும் உண்டு, சில ஆபத்தும் உண்டு. முதலில் ஆபத்து. பட்டர் ஃப்ரூட் நம் தோட்டங்களில் காய்த்துக் கொட்டுகிறது, அதில் இருக்கும் பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும், கொஞ்சம் கூடக் கொடுக்கக் கூடாது. வீட்டுச் சாக்லேட் கூடாது, டீயில் நனைத்த வர்க்கி கூடாது. பிள்ளைகள் பாசத்தில் ஊட்டிவிடும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாலையோரத்தில் எக்காளம் போலத் தொங்கும் அந்த ஊமத்தை வகைப் பூ, உன்னிச்செடி, அரளி இவற்றின் குச்சியைக் கூண்டில் உட்காரக் கொடுக்க வேண்டாம். கொய்யாக் குச்சி நல்லது. கடையில் வரும் வழவழப்பான ஒரே தடிமன் குச்சியில் நாளெல்லாம் நின்றால் பாதம் புண்ணாகும். இயற்கைக் கிளை தடித்தும் மெலிந்தும் இருப்பதால் கால் மாறி மாறிப் பிடிக்கும்.

வசதி என்னவென்றால் காய்கறி. வெறும் விதையிலேயே வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை வரும். மூக்கு, தொண்டை, மூச்சு என்று எல்லாத் தொல்லையும் அதிலிருந்து தொடங்கும். கேரட் நம் வாசலிலேயே விளைகிறது. ஆனால் மருந்து அடிக்காத தோட்டம் இங்கே அபூர்வம், 50 கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு துளி மருந்தும் அதிகம். அதனால் கேரட்டைத் தோல் சீவித் துருவிப் போடுகிறேன், கேரட் இலையும் கொத்தமல்லியும் நானே இரண்டு தொட்டியில் மருந்தில்லாமல் போட்டிருக்கிறேன். பீட்ரூட், ப்ரோக்கோலி, வாரம் ஒரு முறை கீழிருந்து வரும் முருங்கைக்கீரை. விதையில் முக்கால் பங்கு தினையும் சாமையும். சூரியகாந்தி விதை கையில் வந்து வாங்கிக்கொள்ளும்போது மட்டும், ஒரு நாளைக்கு நாலைந்து. அதைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் மற்றதைத் தொடாது, கொழுப்பு ஏறி ஈரல் கெடும். குறிஞ்சி நிலத்தில் பரண் கட்டிக் கிளி விரட்டித் தினைப்புனம் காத்த பெண்களின் பாட்டைப் பள்ளியில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிண்ணம்தான் கண்ணில் வரும், அவர்கள் காத்த தினையை நான் கிளிக்கென்றே வாங்கி வருகிறேன்.

மழைக்காலத்தில் விதை பூசணம் பிடிக்கும், இதை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், அதன் வித்துகள் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, இறுக்கமான டின்னில் போட்டு, கிண்ணத்தில் போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பேன். மண் வாசம் அடித்தால் மொத்தமும் குப்பைக்கு. வேர்க்கடலை வாங்குவதே இல்லை.

காலையில் பார்ப்பது இரண்டு விஷயம். அடித்தட்டில் விரித்த காகிதத்தில் எச்சம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று: பச்சையாக உருண்ட பகுதி, வெள்ளை, கொஞ்சம் நீர், மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இன்னொன்று எடை. காட்டில் நோயைக் காட்டிக்கொடுத்த பறவை முதலில் இரையாகும், அதனால் இவை முடியாமல் விழுகிற நாள் வரை நன்றாக இருப்பது போலவே நடிக்கும். இறகுக்குள் உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். கிராம் காட்டும் சின்னச் சமையல் தராசில் கொய்யாக் குச்சியைக் கட்டி வைத்திருக்கிறேன், சூரியகாந்தி விதையைக் காட்டினால் தானே ஏறி நிற்கும். மஞ்சு 51, இஞ்சி 54, இதுதான் அவற்றின் சராசரி. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவருக்குப் போன். மலையிலிருந்து கீழே போக மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு நாள் முன்னால் தெரிந்துகொள்வது எங்களுக்கு உயிர் விஷயம்.

ஒற்றையாக வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். நீங்கள் பகலில் வீட்டில் இருந்து பேசிப் பழகுவீர்கள் என்றால் வளர்க்கலாம். வேலைக்குப் போகிற வீடென்றால் இரண்டு வேண்டும். பட்ஜியோடு ஒரே கூண்டில் போட வேண்டாம், இவை கால்விரலைக் கடித்துவிடும். பிறகு, ‘காட்டுல பச்சைக்கிளிக் குஞ்சு இருக்கு, பிடிச்சுத் தரட்டுமா’ என்று யாராவது வந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வகைகளிலும் பலவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய 2024இல் விதி வந்திருக்கிறது, வாங்கும் முன் உங்கள் பறவை அதில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கு வேலை வேண்டும், சும்மா இருந்தால் தன் இறகையே பிடுங்கும். இஞ்சிக்குப் பிடித்த வேலை தென்னங்கீற்றுக் கிழிப்பது. இலையின் விளிம்பில் அலகை வைத்துத் தபால்தலையின் ஓரம் போலப் பொடிப்பொடியாக ஓட்டை போட்டுக்கொண்டே கடைசி வரை போகும், திரும்பி ஒரே இழுப்பு, விரல் நீள நாடா ஒன்று கையோடு வரும். அதை வாயில் பிடித்துத் தலையைப் பின்னால் திருப்பி இடுப்பு இறகுக்குள் செருகிக்கொள்ளும், பாதி கீழே விழும், விழுந்ததைப் பார்க்காமல் அடுத்த நாடாவுக்குப் போகும். கூடு கட்டும் பொருளை இந்த வகை அப்படித்தான் சுமந்துபோகும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவுக் காடுகளில் தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சின்னஞ்சிறு பச்சைக் கிளி ஒன்று உண்டு. லவ்பேர்டுக்கு மிக நெருங்கிய சொந்தம் அது, அதுவும் இலைத் துண்டுகளை இப்படியே இறகில் செருகித்தான் பொந்துக்குக் கொண்டுபோகிறது. இதைப் படித்த நாளிலிருந்து கல்லாறு பக்கம் வண்டி போகும்போதெல்லாம் சன்னலை இறக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

பெட்டைகள் என்பதால் கிழிக்கிற ஆர்வம் அதிகமாகி மூலை தேட ஆரம்பித்தால் கீற்றை ஒரு மாதம் நிறுத்திவிடுவேன். இந்த வாரம் அப்படி எதுவும் இல்லை. கீற்று தீர்ந்துவிட்டது, சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போகும் என் கணவரிடம் இரண்டு மட்டை சொல்லியிருக்கிறேன்.